பன்னிரண்டு மணிக்குள் டிஷ்ஷைத் திருப்ப வேண்டும்

எங்கள் தெருவில் டிஷ் பார்க்கிற பக்கத்தை வைத்தே அது யாருடைய வீடு என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். லண்டன் கிங்ஸ்பரியில் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. நாள் முழுக்க பஸ் ஓட்டி, சிவப்பு விளக்குகளில் நின்று நின்று கூரைகளைப் பார்த்த கண்ணுக்குப் பிறகுதான் பிடிபட்டது. வெள்ளைக்காரர் வீட்டு டிஷ்கள் எல்லாம் பள்ளிக்கூடத்து வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப்போலத் தென்கிழக்கே ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் ஆட்களின் டிஷ் அதைவிடக் கொஞ்சம் தெற்கே திரும்பியிருக்கும். ஒரு கையகலத் திருப்பம்தான். அந்தக் கையகலத்துக்குள்தான் எங்கள் செய்தியும் சீரியலும் மரண அறிவித்தலும் கோவில் திருவிழாவும் இருந்தன. இப்போது அவற்றில் பாதி துருப்பிடித்து வெறுமனே தொங்குகின்றன. சனம் இன்ரநெற்றுக்குப் போய்விட்டது. கொல்லைப்புறத்துக் கம்பத்தில் இருக்கிற எங்கள் வீட்டு டிஷ் மட்டும் இந்த ஆவணியில் எந்தப் பக்கத்திலும் சேராமல், புல்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டில் மாடியறை கட்டுவதற்காக ஸ்கஃபோல்டிங் சாரம் கட்ட வந்தவர்கள் ஒரு நீளக் குழாயைத் திருப்பும்போது அதில் இடித்துவிட்டார்கள். 'ஸொறி, மேற்' என்று மன்னிப்புக் கேட்டு ஒரு பொடியன் பெருவிரலை உயர்த்திக் காட்டினான். நானும் பதிலுக்கு உயர்த்திக் காட்டினேன். இந்த நாட்டில் முப்பது வருடமாக நான் நன்றாகப் பழகிய பதில் அது ஒன்றுதான். என்ன நடந்தது என்பது, பின்னேரம் தொலைக்காட்சியைப் போட்ட கௌரி சொன்ன பிறகுதான் தெரிந்தது.

கௌரி என் மனைவி. மூன்று வருடமாக அவளுக்கு டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி காலையில் ஆஸ்பத்திரி வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நாலு மணித்தியாலம் இரத்தத்தைக் கழுவி, துவைத்த சேலையைப்போல அவளைத் திருப்பி அனுப்புவார்கள். சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து காத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று கணக்கு இருக்கிறது. தாகம் தாங்காதபோது ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பாள். ஊருக்குப் போவதென்றால் அங்கேயும் ஒன்றுவிட்ட ஒரு நாள் மெஷின் வேண்டும். அதை ஒழுங்கு செய்ய நான் எடுத்த முயற்சிகளைச் சொன்னால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். சுருக்கமாகச் சொன்னால், போக ஏலாது.

போக ஏலாது என்று தெரிந்த பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வருடத்தில் ஒரு நாள், அவளுடைய ஊர் அம்மன் கோவில் தேரன்று, அம்மன் பச்சை சாத்தி, பச்சைப் பட்டும் மாலையுமாகத் தேரிலிருந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும். அங்கே பின்னேரம் நாலரை, இங்கே மத்தியானம் பன்னிரண்டு. எங்கள் ஆட்களின் தமிழ்த் தொலைக்காட்சி ஒன்று அதை நேரடியாகக் காட்டும். போன வருடம், டிஷ் இருக்கவும், எல்லாரையும்போல நாங்களும் இன்ரநெற்றில்தான் பார்த்தோம். உலகத்தில் இருக்கிற அந்த ஊர்ச்சனம் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்ததோ என்னவோ, குருக்கள் தீபம் காட்டத் தொடங்கியதும் திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. அது சுற்றி முடிந்தபோது அம்மன் உள்ளே போய்க் கதவும் சாத்தியாயிற்று. கௌரி எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

"பிறகு வீடியோவாப் போடுவாங்கள், அம்மா. அதைப் பாருங்கோவன்" என்று, டிஷ் சாய்ந்ததைக் கேட்ட மகள் இந்த முறை லீட்ஸிலிருந்து போனில் சொன்னாள்.

"முடிஞ்ச தேரைப் பாத்துக் கும்பிட ஏலுமே பிள்ளை? அம்மாள் இறங்கேக்கை நானும் நிக்கோணும்" என்றாள் கௌரி. பிறகு என்னைப் பார்த்து, "இந்த முறையும் பாக்காட்டி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அவள் நிறுத்திய இடத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் ஸ்பானரை எடுத்தேன்.

எங்களுக்கு டிஷ் பூட்டித் தந்த தம்பிக்கு முதலில் போன் அடித்துப் பார்த்தேன். ஒரு காலத்தில் எட்மண்டனிலிருந்து சௌத்ஹோல் வரைக்கும் தமிழ் வீடுகளின் சுவரிலெல்லாம் ஏறி இறங்கிய ஆள். இப்போது பார்சல் வான் ஓட்டுகிறாராம். ஏணியை விற்றுவிட்டாராம். "அண்ணை, பெரிய வேலையில்லை. கிழக்கைப் பிடியுங்கோ. அதிலயிருந்து தெற்குப் பக்கமா எழுபத்துமூண்டு டிகிரி. பிறகு மெல்ல மெல்ல, நூலளவுதான் அசைக்கோணும். சிக்னல் பட்டால், டிஷ்ஷில பூட்டுற அந்தச் சின்ன மீற்றர் கத்தும்" என்று சொல்லிவிட்டு, யாரோ வீட்டு மணியை அடிக்கப் போய்விட்டார்.

கிழக்கைப் பிடிப்பது எனக்கு ஒரு வேலையாகவே தெரியவில்லை. எங்கள் வீட்டில் சுவரில் அடித்த, சாமிப்படங்கள் வைக்கிற சாமித்தட்டு இருக்கிறது. அதன் முன்னால் நின்று விளக்கேற்றினால் நாங்கள் பார்ப்பது கிழக்கு. கைத்தொலைபேசியில் திசைகாட்டி இருக்கிறதே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இருக்கிறது. ஆனால் சொந்த வீட்டில் கிழக்கு எது என்று கைத்தொலைபேசியைக் கேட்டுப் பார்க்கிறவன் எங்கள் ஆட்களில் ஒருவனாவது இருக்கிறானா? படுக்கிற பக்கம், சாப்பிட இருக்கிற பக்கம், பால் பொங்கி வழிகிற பக்கம் என்று பிறந்ததிலிருந்து திசைக்குள்ளேயே வளர்ந்தவர்கள் நாங்கள். மகளின் பழைய பாகைமானியை எடுத்து, சாமித்தட்டின் நேர்க்கோட்டைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து, எழுபத்துமூன்று எண்ணி, டிஷ்ஷைத் திருப்பினேன். கடையில் வாங்கிப் பூட்டிய மீற்றர் வாயே திறக்கவில்லை.

தேருக்கு முந்திய சனி முழுக்க ஏணியில் நின்றேன். ஞாயிறும் நின்றேன். ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம். கொஞ்சம் நிமிர்த்தி, கொஞ்சம் குனித்து. இந்த டிஷ் ஒரு விசித்திரமான சாமான். அது பார்ப்பதுபோலத் தெரிகிற இடத்தை அது பார்ப்பதில்லை. எதிர்வீட்டுக் கூரையைப் பார்ப்பதுபோல நிற்கும், உண்மையில் வானத்தில் அதைவிட எவ்வளவோ மேலே பார்த்துக்கொண்டிருக்கும். நான் தேடிய சட்டலைற் இலங்கைக்கு மேலேயும் இல்லை, லண்டனுக்கு மேலேயும் இல்லை. ஆபிரிக்காவின் நடுவில் ஏதோ காட்டுக்கு நேரே மேலே நிற்கிறதாம். நாங்கள் ஒருநாளும் போகாத, போகப்போகாத இடம். அங்கே போய்த் திரும்பித்தான் எங்கள் ஊர்க் கோவில் மணி கிங்ஸ்பரிக்கு வந்து சேர்கிறது. இதை இரவில் படுத்திருந்து யோசித்தபோது எனக்குப் பெருமை ஒன்றும் வரவில்லை. முதுகு வலிதான் தெரிந்தது.

உயரத்தில் நின்று எதையாவது திருப்புவது எனக்குப் புதிதுமில்லை. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில், இரண்டு இரும்புக் குழாயை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, உச்சியில் அன்ரெனாவைக் கட்டி, கடலுக்கு அப்பால் இந்தியாவைப் பிடிப்போம். ஒருவன் குழாயைத் திருப்ப, ஒருவன் முற்றத்தில் நிற்க, படம் வந்து வந்து போக, உள்ளே இருப்பவர்கள் 'வருகுது, வருகுது, ஐயோ போட்டுது' என்று கத்துவார்கள். பிறகு சண்டை முற்றிக் கரண்டும் போனது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவை ஓடவைத்துச் செய்தி கேட்ட காலம் அது. எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை எனக்கு. சில்லு இரைகிற சத்தத்தில் ஒரு செய்தியும் எனக்குக் கேட்காது. எங்கே குண்டு விழுந்தது, எத்தனை பேர் என்பதை நிறுத்திய பிறகு அப்பாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வேன். இதை இனிய நினைவென்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கை வலித்ததுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

தேர்ச் சனிக்கிழமை விடிந்தது. முதல் நாள் டயாலிசிஸ் முடித்து வந்த களைப்பு கௌரியின் முகத்தில் அப்படியே இருந்தது. ஆனாலும் முழுகி, நீலக் கரை போட்ட சேலை உடுத்து, எட்டு மணிக்கே தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து இருந்துவிட்டாள். திரையில் 'சிக்னல் இல்லை' என்ற இரண்டு சொல் மட்டும் அங்குமிங்கும் மிதந்துகொண்டிருந்தது. "வரும், கௌரி" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

பத்து மணியளவில் மதிலுக்கு அப்பாலிருந்து ஜோர்ஜ் தலையைக் காட்டினார். எண்பது வயது, தனியாள், இடுப்பு எலும்பு மாற்றியவர். பதினாலு வருடமாக மற்றப் பக்கத்து வீடு. நாங்கள் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு வராது. அதில் முக்கால்வாசி மழையைப் பற்றியது. போன சனியும் ஏணியில் நின்றாயே, என்ன விஷயம், இன்றைக்குப் பந்தாட்டமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, மனைவிக்காக" என்றேன். எனக்கு இருந்த களைப்பில் நீளமாக விளக்க மனமில்லை. "இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு அவளுடைய கடவுள் வருகிறார்."

ஜோர்ஜ் தொப்பியைக் கழற்றினார். முகம் வெளிறிவிட்டது. ஆஸ்பத்திரி வான் வாரத்தில் மூன்று நாள் எங்கள் வாசலில் நிற்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "மிகவும் வருந்துகிறேன். இவ்வளவு சீக்கிரமாகவா? டொக்டர்மார் சொன்னார்களா?" என்றார்.

"டொக்டர்மார் இல்லை, கோவிலில் அறிவித்தார்கள். ஒவ்வொரு வருடமும் வருகிறார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு எனக்கு உறைத்தது. ஏணியிலிருந்து இறங்கிப் போய், தேர், அம்மன், தொலைக்காட்சி என்று எல்லாவற்றையும் என் ஆங்கிலத்தில் முதலிலிருந்து சொன்னேன். விளங்கியதும் மனிதர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "உனக்கு என்ன பாகை வேண்டும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய், பிஸ்கட் தகரம் ஒன்றோடு வந்தார். அதற்குள் ஒரு திசைகாட்டி. அவரும் அவருடைய மனைவியும் கரவான் வண்டியை இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போன காலத்தில், நிறுத்துகிற இடமெல்லாம் தாமே டிஷ்ஷைத் திருப்பித்தான் படம் பார்ப்பார்களாம். மனைவி போய் ஆறு வருடம். பதினாலு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன மிக நீளமான கதை அதுதான்.

திசைகாட்டியை மதிலில் வைத்து, நான் சொன்ன எழுபத்துமூன்றைக் கிழக்கிலிருந்து எண்ணிக் கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய பக்கம் நான் திருப்பி வைத்திருந்த பக்கமே இல்லை. என் டிஷ் தெற்கையும் தாண்டி மேற்குப் பக்கமாக எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது.

"இருக்க முடியாது. கிழக்கு அது" என்று சாமித்தட்டின் பக்கத்தைக் காட்டினேன்.

"அது கிழக்கில்லை. ஒருநாளும் இருந்ததில்லை."

"சூரியன் அங்கேதான் எழும்பும். நான் என் கண்ணால் பார்த்தேன்."

"எப்போது பார்த்தாய்?"

நான் யோசித்தேன். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தது ஒரு மார்கழி. பெட்டிகள் அவிழ்க்காமல் கிடக்க, முதல் காலையிலேயே கௌரி சாமித்தட்டுக்கு இடம் பார்த்தாள். இருட்டு விலகி எட்டு மணியளவில் ஜன்னலில் ஒரு மங்கல் வெளிச்சம் விழுந்தது. "இஞ்சாலதான் கிழக்கு" என்று அவள் கைநீட்டினாள், நான் ஆணி அடித்தேன். அவ்வளவுதான். எங்கள் ஊரில் சூரியன் வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே பக்கத்தில்தான் வரும். இந்த நாட்டில் அது கோடையில் வடக்கே ஏறி, குளிரில் தெற்கே சறுக்கி, மார்கழியில் தென்கிழக்கில் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது என்று ஜோர்ஜ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினாலு வருடம். அதற்குள் ஒரு ஆனி மாதக் காலையிலாவது சூரியன் எங்கே எழும்புகிறது என்று நான் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். விடியற்காலை ஷிப்ட் என்றால் நான் பஸ்ஸுக்குள் இருப்பேன். இல்லாவிட்டால் திரையை மூடிக்கொண்டு தூங்குவேன். இந்த நாட்டில் சூரியனை நான் பார்த்ததில்லை, வெளிச்சத்தை மட்டும் பாவித்திருக்கிறேன்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. அந்தப் பதினாலு வருடத்தில்தான் கௌரியின் தாய் ஊரில் கண்ணை மூடினார், அவளால் போகமுடியவில்லை. அதற்குள்தான் மகளின் கலியாணம் குழம்பியது. அதற்குள்தான் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுபோயின. இந்தத் திசைக் கதையை அவளுக்குச் சொன்னால் எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்த ஆணியில் மாட்டுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தட்டைக் கழற்றிப் பூட்டச் சொன்னால் பரவாயில்லை, அரை மணித்தியால வேலை. ஆனால் அத்தனை வருடத்து விளக்கையும் அவள் ஒன்றொன்றாகத் திரும்ப நினைப்பாள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சொல்லவில்லை. இதை வாசிக்கிறவர்கள் யாரேனும் ஆர்ச்வே முருகன் கோவிலிலோ எங்கேயோ அவளைக் கண்டால், தயவுசெய்து நீங்களும் சொல்லிவிடாதேயுங்கள்.

ஜோர்ஜின் திசைகாட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்ப ஏறினேன். அவர் காட்டிய பக்கத்துக்குத் திருப்பி, நூல் நூலாக அசைத்து, கொஞ்சம் நிமிர்த்தினேன். பதினொன்றேமுக்காலுக்கு மீற்றர் கத்தியது. அப்படி ஒரு கத்தலை நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளேயிருந்து கௌரி, "வருகுது! இஞ்சாருங்கோ, வருகுது!" என்று கூவினாள். அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. ஜோர்ஜ் மதிலில் ஒருதரம் தட்டிவிட்டு, தேநீருக்குக் கெட்டிலைப் போடப் போகிறேன் என்று உள்ளே போனார்.

நட்டை இறுக்கினேன். அது இறுகவில்லை, சுற்றியது. இன்னும் சுற்றினேன், இன்னும் சுற்றியது. பூட்டிய நாளிலிருந்து பன்னிரண்டு வருட மழையில் துருவேறிய திருகுப் புரி, ஒரு கிழமையாக நான் இறுக்கியும் தளர்த்தியும் வந்ததில் முற்றாகத் தேய்ந்துவிட்டிருந்தது. கையை எடுத்தேன். டிஷ் மெல்லத் தலையைக் குனிந்தது. உள்ளே, "ஐயோ, போட்டுது!" திரும்ப நிமிர்த்தினேன். "வந்திட்டுது!" கயிறு ஒன்று எடுத்துவரலாம், கட்டை ஒன்று அண்டை கொடுக்கலாம், எல்லாம் செய்யலாம். அதற்கெல்லாம் இறங்க வேண்டும். மணி பன்னிரண்டுக்கு நாலு நிமிடம். தேடிக் கட்டி, விட்ட இடத்தைத் திரும்பப் பிடிப்பதற்குள் போன வருடம்போல் கதவு சாத்திவிடுவார்கள்.

அதனால் நின்றேன். மேல்படியில் இரண்டு முழங்காலையும் முட்டுக்கொடுத்து, டிஷ்ஷின் பின்பக்கமாக இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"உள்ளுக்கு வாங்கோவன், பாக்கலாம்" என்றாள் கௌரி.

"நான் இதில நிண்டாத்தான் படம் நிக்கும். நீ பார். பாத்துச் சொல்லு."

ஜன்னல் வழியாக அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நாதஸ்வரம் தானாகவே கேட்டது. "தேர் சுத்தி முடிஞ்சு இருப்புக்கு வந்து நிக்குது. சனமெண்டா அப்பிடிச் சனம். எங்கட வீட்டு ஒழுங்கையைக் காட்டுறாங்கள்... தண்ணிப்பந்தல் போட்டிருக்கினம். சருவச்சட்டியில மோர். பொடியங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊத்திக் குடுக்கிறாங்கள்." ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து குடிக்கிறவள் அந்த மோரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அழுதேன். ஏணியில் நின்று அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் முகம் தெரியாது.

தோள்மூட்டு எரியத் தொடங்கியது. எனக்கு முன்னால் கிங்ஸ்பரியின் ஓட்டுக் கூரைகள், யாரோ உலரப்போட்ட போர்வைகள், அதற்கு மேலே ஒன்றுமே இல்லாத ஒரு சாம்பல் வானம். அதற்குள்ளாலேதான் எல்லாம் வந்துகொண்டிருந்தது. என் கைக்கு நடுவில், என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் கடந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பச்சை சாத்தி நிக்கிறா. என்ன வடிவு, அம்மாளே..." கௌரியின் குரல் உடைந்தது. கதிரை பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. எழுந்து நிற்கிறாள். "இறங்கிறா. இஞ்சாருங்கோ, அம்மாள் இறங்கிறா. கும்பிடுங்கோ! எங்களுக்காக ஒருக்காக் கும்பிடுங்கோ!"

"ஓம், கும்பிடுறன்" என்றேன்.

என் இரண்டு கையும் டிஷ்ஷில் இருந்தன. நான் அவற்றை எடுக்கவில்லை.